இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை?

நம் முன்னோர் இரும்பைப் பற்றிச் சொல்லி வைத்த பழமொழிகள் பல. “கொல்லன் தெருவில் ஊசி விற்பதா?” என்பர். “இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இரா” என்று சொல்லிச் சிரிப்பர். தமக்குத் தொடர்பில்லாத இடத்தில் தலையை நீட்டுவோரைப் பார்த்து, “இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு என்ன வேலை?” என்று கேட்பர். இவ்வாண்டு எங்கள் பத்தாம் வகுப்பில் இந்தக் கடைசிப் பழமொழி அடிக்கடி ஒலித்தது. எங்களுள் ஒருத்தி, தான் உலோகவியல் படித்து, இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஃபோர்ஜிங் தொழிற்சாலையில் பணிபுரியப் போவதாகச் சொன்னதே அதற்குக் காரணம்.

அவள் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்தவள். ஓமந்தூர் என்றவுடன் பெரியோர்க்கு ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் நினைவுக்கு வருவார். 1895-ஆம் ஆண்டு அவ்வூரில் பிறந்து, நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக விளங்கியவர் அவர். ஆலயக் கதவுகளை எல்லார்க்கும் திறந்த சட்டமும், பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழித்த சட்டமும் அவர் ஆட்சிக் காலத்தில் நிறைவேறியவை. “முடியாது, வழக்கமில்லை” என்று சொல்லப்பட்டவற்றை முடித்துக் காட்டிய மனிதரின் ஊரிலிருந்து வரும் எங்கள் தோழிக்கும் ஒரு சிறு பிடிவாதம் இருப்பதில் வியப்பென்ன?

அவளுடைய தந்தை அங்கே உலைப்பட்டறை வைத்திருக்கிறார். அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி, கடப்பாரை ஆகியவற்றை அடித்தும் தீட்டியும் கொடுப்பது அவர் தொழில். மகளின் ஆசையை முதலில் மறுத்தவரும் அவரேதான். “என் கையைப் பாரும்மா. இந்த நெருப்பிலிருந்து நீ தப்பணும்னுதான் உன்னைப் படிக்க வைக்கிறேன். படிச்சிட்டுத் திரும்பவும் நெருப்புக்கிட்டயே போவியா?” என்று கேட்டாராம். பாட்டியோ, “பொம்பளைப் பிள்ளைக்கு இரும்பு எதுக்கு? டீச்சர் வேலைக்குப் படி” என்று ஒரே பேச்சில் முடித்து விட்டாராம்.

வகுப்பில் நாங்களும் இரண்டு கட்சியானோம். அவள் ஆசை சரி என்றனர் சிலர். அது ஆண்கள் வேலை என்றனர் பலர். இடைவேளையில் தொடங்கும் வாதம் மணி அடித்த பிறகும் ஓயவில்லை. எங்கள் வகுப்பு ஆசிரியை சிஸ்டர் ஒருநாள் இதைக் கேட்டுக் கொண்டே உள்ளே வந்தார். எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. “பார்க்காத ஒன்றைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேசுவீர்கள்? போய்ப் பாருங்கள், கேளுங்கள், பிறகு பேசுங்கள்” என்றார். அறிவியல் மன்றத்தின் சார்பில் ஒரு சனிக்கிழமை நாங்கள் பதினாறு பேர், அறிவியல் ஆசிரியையுடன் ஓமந்தூருக்குச் சென்றோம்.

பட்டறை ஒரு புளிய மரத்தடியில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. நாங்கள் எண்ணியிருந்ததைவிடச் சிறியது. தரையில் ஒரு குழியுலை, அதில் மரக்கரி. முன்பு தோல் துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்விசிறி காற்று ஊதுகிறது. எதிரே மரக்கட்டையில் பதித்த பட்டடை. சுவரோரமாகக் குறடுகளும், சுத்திகளும், பெரிய சம்மட்டிகளும். ஒரு மண் தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் ஒரு தகர டின்னில் கறுத்த எண்ணெய். இவ்வளவுதான் அந்தத் தொழிற்சாலை!

“வாங்க பிள்ளைங்களா, தள்ளி நின்னு பாருங்க, பொறி பறக்கும்” என்று சொல்லிவிட்டு, தோழியின் தந்தை ஒரு பழைய லாரிப் பட்டையை உலையில் வைத்தார். லாரியின் அடியில் வில் போல வளைந்து சுமை தாங்குகிறதே, அந்தப் பட்டைதான் அரிவாளுக்கு ஏற்றதாம். கட்டடக் கம்பியில் அரிவாள் அடித்தால் கூர் நிற்காதாம். “எந்த இரும்பு எப்படிப்பட்டதுன்னு எப்படித் தெரியும் மாமா?” என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் சாணைச் சக்கரத்தைச் சுழல விட்டு, முதலில் கம்பியை அதில் வைத்தார். பொறிகள் நீண்ட கோடுகளாய் ஓடி மறைந்தன. பிறகு லாரிப் பட்டையை வைத்தார். பொறிகள் நுனியில் வெடித்து, கிளை கிளையாய்ப் பிரிந்து, மத்தாப்பூப் போலச் சிதறின. “இதுல சத்து அதிகம்” என்றார். அந்தச் சத்து கரி, அதாவது கார்பன் என்று எங்கள் ஆசிரியை விளக்கினார். கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு; லாரிப் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று அதிகம். அந்தச் சிறு வேறுபாட்டைப் பொறியின் பூவைப் பார்த்தே சொல்லி விடுகிறார் அவர்!

உலையில் இருந்த பட்டை நிறம் மாறிக் கொண்டே வந்தது. முதலில் இலந்தைப் பழத்தின் கருஞ்சிவப்பு. பிறகு பழுத்த மிளகாயின் சிவப்பு. பிறகு கிச்சிலிப் பழ நிறம். கடைசியில் சாமந்திப் பூவின் மஞ்சள். சாமந்தி நிறம் வந்ததும் குறடால் எடுத்துப் பட்டடையில் வைத்தார். அவர் தம்பி சம்மட்டி ஓங்கினார். அவர் சின்னச் சுத்தியால் தொட்டுக் காட்டிய இடத்தில் சம்மட்டி சரியாக விழுந்தது. இருவரும் ஒரு சொல் பேசவில்லை. நிறம் மங்கிக் கருஞ்சிவப்பு ஆனதும் அடி நின்றது. “ஆறின இரும்பை அடிச்சா உள்ளே கீறல் விடும். வெளியே தெரியாது. வாங்கிட்டுப் போனவன் கையில உடையும்” என்றார்.

அரிவாள் உருவானதும் மீண்டும் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தார். சீறிக் கொண்டு புகை எழுந்தது. இப்போது அது கண்ணாடியைப் போல் கடினம். கீழே போட்டால் ஒடிந்து விடலாம். ஆகவே வாய்ப்புறத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கத்தை மட்டும் தணலில் காட்டினார். சூடு மெல்ல மெல்ல வாய்ப்புறம் நோக்கி ஏறியது. பளபளத்த இரும்பில் வைக்கோல் நிறம் தோன்றியது. அது பழுப்பாகி, கத்தரிப் பூ நிறமானது. அந்த நொடியில் சட்டென்று நீரில் நனைத்தார். “இதுதாம்மா பதம். ஒரு நொடி முந்தினா உடையும்; பிந்தினா மழுங்கும்” என்றார்.

பதம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு அதிரசப் பாகு நினைவுக்கு வந்தது. நம் வீட்டுப் பாட்டிமார் வெல்லப் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வதில்லையா? முந்தினால் அதிரசம் கரையும்; முற்றினால் கல்லாகும்; கருகினாலோ எந்த வித்தையாலும் திருப்ப முடியாது. இரும்பும் அப்படித்தான். இதைச் சொன்னபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியே சிரித்து விட்டார்.

திரும்பி வந்தபின் நாங்கள் நூலகத்தில் தேடிப் படித்தோம். அப்போது அறிந்தவை எங்களைத் திகைக்க வைத்தன. இரும்பு தமிழ்நாட்டுக்கு வெளியூர்ச் சரக்கு அன்று. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்புப் பொருள்களுடன் இருந்தவற்றை ஆய்ந்து, அங்கே இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை பழமையானது என்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2025-ஆம் ஆண்டு சனவரியில் கூறியது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில், இரும்பும் எஃகும் செய்த பழங்கால உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன.

அக்காலத் தமிழர் மண் மூசைக்குள் இரும்பை இட்டு மூடி, நெடுநேரம் உலையில் வைத்து உருக்கு செய்தனர். அந்த உருக்கில் கார்பன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருந்தது. ‘உருக்கு’ என்பதும், கன்னடத்தில் ‘உக்கு’ என்பதும் ஐரோப்பியர் வாயில் ‘வூட்ஸ்’ ஆயிற்று என்பர் அறிஞர். மேலை நாடுகளில் புகழ்பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் இவ்வகை உருக்கால் ஆனவை. அதன் இரகசியத்தை அறிய 1819-ஆம் ஆண்டு இலண்டனில் ஓர் இளைஞர் ஆய்வு செய்தார். அவர்தாம் மைக்கேல் ஃபாரடே. மின்சாரப் பாடத்தில் நாம் படிக்கும் அதே ஃபாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதை அறிந்தபோது, எங்கள் தோழியை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்!

அதைவிட மகிழ்ச்சி தந்தது வேறொன்று. ஓமந்தூர் அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காட்டிலேயே மேல்சிறுவளூர் என்னும் ஊரில், பழைய உருக்கு மூசைகளின் உடைந்த துண்டுகள் மண்ணில் கிடந்தன. அவற்றை ஆராய்ந்து, அது உருக்கு செய்த இடம் என்று 1994-இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சாரதா சீனிவாசன். பரதநாட்டியம் ஆடும் அந்த அம்மையார், பழங்கால உலோகங்களை ஆராய்வதில் புகழ்பெற்று, 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் மண்ணின் இரும்பைப் பற்றி நமக்கே சொன்னவர் ஒரு பெண் அல்லவா? “ஆண்கள் வேலை” என்று வாதாடிய எங்கள் கட்சி அன்று பாதியாகக் குறைந்தது.

தென்னார்க்காட்டின் கடலோரத்தில் பரங்கிப்பேட்டையில், ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-களில் ஓர் இரும்பாலையை நடத்தினார். சேலத்துக் கனிமத்தைக் கொண்டுவந்து, மரக்கரியில் உருக்கினார்கள். காடுகள் கரியாயின, ஆலையோ நிலைக்கவில்லை. ஆனால் அவர் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அது ஷெஃபீல்டு நகரத்து எஃகுத் தொழிலுக்குப் பெரிதும் உதவியது.

பழம்பெருமை பேசியது போதும், இன்றைய நிலை என்ன என்று எங்களுக்குக் காட்டியவர், எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவியான ஓர் அக்கா. சென்னைக்கு அருகே ஒரு ஃபோர்ஜிங் தொழிற்சாலையில் உலோகவியலாளராக இருக்கிறார். சிஸ்டரின் அழைப்பை ஏற்று, ஒரு பிற்பகல் முழுதும் எங்களுடன் பேசினார். கையில் அவர் கொண்டு வந்தது, இரண்டாக அறுத்துத் தேய்த்த ஓர் இரும்புத் துண்டு.

“தங்கைகளே, இதில் என்ன தெரிகிறது?” என்றார். உற்றுப் பார்த்தோம். மரப்பலகையில் காண்பது போல் வரி வரியாய் ரேகைகள்! அறுத்த துண்டைச் சூடான அமிலத்தில் இட்டால் இந்த வரிகள் தெரியுமாம். இரும்பை உருக்கி வார்த்தால் இவ்வாறு வரிகள் ஓடா. காய்ச்சி அடிக்கும்போதோ, உள்ளே உள்ள சிறு இடைவெளிகள் மூடிக் கொள்கின்றன. இரும்பின் நார் போன்ற அமைப்பும் பொருளின் வடிவத்தை ஒட்டியே வளைந்து ஓடுகிறது. “ஏர் செய்யும் தச்சர் நேரான மரத்தை வளைவாக அறுப்பாரா? இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடி எடுப்பார். நார் அறுபடாமல் இருந்தால்தான் ஏர் ஒடியாது. நாங்கள் இரும்புக்கு அந்த வளைந்த நாரை உண்டாக்குகிறோம்” என்றார். இதனால்தான் லாரியின் கிராங்க் ஷாஃப்டும், இரயில் சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலும் காய்ச்சி அடித்துச் செய்யப்படுகின்றன. பெங்களூரின் எலகங்காவில் 1984 முதல் இயங்கும் இரயில்வே தொழிற்சாலையில், சக்கரத்தை வார்க்கிறார்கள். ஆக்சிலையோ அடித்து உருவாக்குகிறார்கள்.

“அப்படியானால் அக்கா, நீங்கள் சம்மட்டி அடிப்பீர்களா?” என்று ஒருத்தி கேட்டாள். அவர் சிரித்தார். “ஆயிரக்கணக்கான டன் அழுத்தம் தரும் இயந்திரம் இருக்கும்போது என் கை எதற்கு? என் வேலை அடிப்பது அன்று, இரும்பின் உள்ளே பார்ப்பது” என்றார்.

பிறகு தம் ஒருநாள் பணியை விவரித்தார். எஃகு லாரியில் வந்து இறங்கும்போதே ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண் உண்டு. எந்த உருக்கலில் பிறந்தது என்பதற்கான பிறப்புச் சான்று அது. ஒரு துண்டை அறுத்து, ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியில் மின்பொறி பாய்ச்சினால், கார்பன், மாங்கனீசு, குரோமியம், கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அளவை அப்பொறியின் ஒளியே சொல்லி விடும். கந்தகம் மிகுந்தால், சூட்டில் அடிக்கும்போது இரும்பு வெடிக்கும். ஓமந்தூர் மாமாவின் சாணைப் பொறி எங்களுக்கு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே வழி. ஒன்று கண்ணால் படிப்பது, மற்றொன்று எண்ணால் படிப்பது.

எஃகுத் துண்டுகள் மின்காந்த உலையில் ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சப்படும். வெப்பத்தை எட்ட நின்றே அளக்கும் கருவி அதைக் கண்காணிக்கும். பிறகு ‘டை’ எனப்படும் இரு அச்சுக்கட்டைகளுக்கு இடையே வைத்து அழுத்துவர். பிதுங்கி வரும் விளிம்பை வெட்டி எடுப்பர். அதன்பின் மீண்டும் சுமார் 850 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, மறுபடியும் 600 டிகிரி அளவில் சூடேற்றிப் பதப்படுத்துவர். அரிவாளில் கத்தரிப் பூ நிறம் வந்ததே, அது ஏறக்குறைய 280 டிகிரி என்றார் அக்கா. அரிவாளுக்குக் கூர் வேண்டும்; ஆகவே குறைந்த சூடு. வண்டியின் பாகத்துக்கு அதிர்ச்சி தாங்கும் தன்மை வேண்டும். ஆகவே கூடுதல் சூடு.

இறுதியில்தான் அவர் வேலை உச்சத்தை அடைகிறது. செய்த பொருளின்மேல் 10 மில்லிமீட்டர் குண்டு ஒன்றை 3000 கிலோ எடையால் அழுத்தி, பதிந்த பள்ளத்தின் அகலத்தை அளந்து கடினத்தைக் கணக்கிடுவார். ஒரு துண்டை அறுத்து, உப்புத்தாளில் சொரசொரப்பிலிருந்து மென்மை வரை படிப்படியாய்த் தேய்த்து, கண்ணாடி போல் ஆக்குவார். ஆல்கஹாலில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்து, சில நொடிகள் அதில் நனைத்து நுண்ணோக்கியில் வைப்பார். அப்போது இரும்பு தன் உள்ளத்தைத் திறக்கும்! வெள்ளையும் கறுப்புமாய், நெருங்கி அடுக்கிய மணிகள் தெரியும். மணிகள் சிறியவையாய் இருந்தால் பொருள் உறுதி, பெருத்திருந்தால் ஆபத்து. இருட்டறையில், காந்தமேற்றிய பொருளின்மேல் ஒளிரும் இரும்புத்தூளைத் தெளித்து, புற ஊதா ஒளியில் பார்ப்பதும் உண்டு. மயிரிழைக் கீறல் இருந்தாலும், அங்கே பச்சைக் கோடாய் ஒளிருமாம்.

பிறகு அக்கா ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலை, இரவு முறையினர் எழுதிய பதிவேட்டைப் படித்தார். “டை பழுது, இயந்திரம் நின்றது” என்று ஒரு வரி இருந்தது. இயந்திரம் நின்றால், உலைக்குள் இருந்த துண்டுகள் என்னவாயின? அவை அளவுக்கு மேல் காய்ந்திருக்குமே! வழக்கப்படி அவற்றைத் தனியே ஒதுக்க வேண்டும். அவசரத்தில் அவையும் அடிக்கப்பட்டு, மற்றவற்றோடு கலந்து விட்டன. வெளிப்பார்வைக்கு வேறுபாடே இல்லை. கடினச் சோதனையிலும் எண்கள் சரியாகவே இருந்தன. வாயிலில் லாரி காத்து நின்றது.

அக்கா அத்தனையையும் நிறுத்தி வைத்தார். அனுபவமிக்க மூத்தவர்கள், “எண் சரியாகத்தானே இருக்கிறது? ஒரு வரிக்காக ஒரு லாரியை நிறுத்துவதா?” என்று கேட்டனர். “என் முழங்கால் மேசைக்கடியில் நடுங்கிக் கொண்டிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை” என்றார். சில துண்டுகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். மணிகள் பெருத்திருந்தன. வேறு சிலவற்றில் மணிகளின் எல்லையே உருகிக் கருகியிருந்தது. சிறு வெட்டு இட்டு ஊசல் சுத்தியால் அடித்துப் பார்க்கும் சோதனையில், அவை சுள்ளி போல் ஒடிந்தன. மணி பெருத்தவற்றை மீண்டும் காய்ச்சி ஆறவிட்டுச் சரி செய்தார்கள். கருகியவற்றைக் கழித்துக் கட்டினார்கள். கருகிய பாகு போலவே, கருகிய எஃகுக்கும் மீட்சி இல்லை.

“அவை என்ன பொருள் அக்கா?” என்று கேட்டோம். “பேருந்தின் முன்சக்கரத்தைத் திருப்பும் பாகம். அது ஓடும்போது ஒடிந்தால் ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராய் இருந்தாலும் பயனில்லை. அந்தப் பேருந்தில் நீங்கள் பள்ளிக்கு வருகிறவர்களாயும் இருக்கலாம்” என்றார். வகுப்பறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி நிலவியது. நம்மில் பாதிப்பேர் தினமும் பேருந்தில் வருகிறோம். முகம் அறியாத யாரோ ஒருவர் “வேண்டாம், நிறுத்துங்கள்” என்று சொன்னதால் நாம் பத்திரமாய் வந்து சேர்கிறோம் என்று நாங்கள் அதுவரை எண்ணியதே இல்லை.

பெண்கள் இந்தப் பணிக்கு வருவது எளிதாய் இருந்ததா என்றும் கேட்டோம். அக்கா சில செய்திகளைச் சொன்னார். 1974-ஆம் ஆண்டு லாரி செய்யும் டெல்கோ நிறுவனம் பொறியாளர் வேண்டும் என்று விளம்பரம் செய்து, பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் குறிப்பிட்டிருந்தது. அதைக் கண்ட சுதா மூர்த்தி, ஓர் அஞ்சலட்டையில் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே எழுதிக் கேட்டார். அவரை அழைத்துத் தேர்வு செய்து வேலையும் கொடுத்தார்கள். ஓர் அஞ்சலட்டை ஒரு கதவைத் திறந்தது!

ஆயினும் சட்டத்திலேயே ஒரு தடை இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றது. பெண்களைக் காக்கவே அவ்விதி எழுதப்பட்டது. ஆனால் உலை இரவிலும் எரிகிறது. இரவு முறையைப் பார்க்க முடியாதவருக்கு அங்கே பொறுப்பான பதவி எப்படிக் கிட்டும்? பெண்களே இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரும்பும் பெண்கள் இரவில் பணி செய்யலாம். அவர்களுக்குப் பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் தரவேண்டியது நிர்வாகத்தின் கடமை என்றது. காப்பது என்றால் கதவைச் சாத்துவது அன்று, வழியில் விளக்கேற்றுவது என்று நாங்கள் புரிந்து கொண்டோம்.

“இந்த வேலையில் கஷ்டமே இல்லையா?” என்று கேட்டபோது, அக்கா மறைக்கவில்லை. வெயில் காலத்தில் உலைப்பக்கம் நிற்பது கடினம். காதடைப்பான் இன்றி உள்ளே நுழையக் கூடாது. முதலாண்டில் தொழிலாளர்கள் தம்மிடம் பேசவே தயங்கினார்கள் என்றார். “அவர்களிடம் நான் பாடம் நடத்தவில்லை; கேள்வி கேட்டேன். முப்பது ஆண்டுகள் நெருப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை” என்று அவர் சொன்னபோது, எங்கள் தோழியின் கண்கள் கலங்கின.

அவள் கையில் ஒரு தாள் இருந்தது. அவள் தந்தை கொடுத்தனுப்பிய கேள்வி அது. “கட்டுமஸ்தான பழைய இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் ஒன்றும் ஆவதில்லை. லாரிப் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் சில நேரம் வெடிக்கிறது. என் குரு எண்ணெயில்தான் தோய்க்கச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. காரணம் என்ன?” என்று எழுதியிருந்தது.

அக்கா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். தண்ணீர் சூட்டை மிக விரைவாக உறிஞ்சி விடும். வெளிப்புறம் முந்திக் குளிர்ந்து இறுக, உட்புறம் பிந்தி மாறும்போது ஒன்றையொன்று இழுத்து வெடிக்கும். எண்ணெய் மெதுவாகக் குளிர்விக்கும். லாரிப் பட்டையில் கார்பனும் வேறு சத்துகளும் கலந்திருப்பதால், அந்த மெதுவான குளிர்ச்சியிலேயே அது போதிய கடினம் பெற்று விடும். கார்பன் குறைந்த பழைய இரும்பு எதில் தோய்த்தாலும் அவ்வளவாக இறுகாது. ஆகவே வெடிப்பதும் இல்லை. இவ்வாறு ஒரு பக்கம் நிறையத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். கீழே, “உங்கள் குரு சொன்னது முற்றும் சரி, ஐயா” என்று முடித்திருந்தார்.

அத்தாளைத் தோழி வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினாளாம். தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, “காரணம் தெரிஞ்சவங்க இருக்காங்க, நமக்குத்தான் சொல்ல ஆளில்லை” என்றாராம். சற்றுக் கழித்து, “பதினொன்றாம் வகுப்பில் என்ன பாடம் எடுக்கணுமோ அதை எடு” என்றாராம். பாட்டி இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை. “இரும்புக்குப் பதம் பார்க்கப் போறவ, முதல்ல பாகுக்குப் பார்க்கட்டும்” என்று நிபந்தனை விதித்திருக்கிறார். அந்தத் தேர்வில் எங்கள் தோழி தேறி விடுவாள் என்பதில் ஐயமில்லை. அதிரசம் எங்களுக்கும் வர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை!

இதைப் படிக்கும் தங்கையருக்கு ஒரு செய்தி. இத்துறைக்கு வர விரும்பினால், மேல்நிலை வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்க வேண்டும். சேலம் அரசு பொறியியற் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை ஐ.ஐ.டி. ஆகிய இடங்களில் உலோகவியல் பொறியியல் கற்பிக்கிறார்கள். கணினிப் படிப்பைத் தவிர வேறு படிப்பே இல்லை என்று எண்ணும் பெற்றோரும் இப்பெயர்களைக் குறித்து வைத்துக் கொள்ளலாமே!

தோழியரே, நம்முடைய வாதம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இரும்படிக்கும் இடத்தில் ஈக்கு வேலை இல்லைதான். ஆனால் கண்ணுக்கு வேலை உண்டு. கருத்துக்கு வேலை உண்டு. தவறு கண்டபோது “நில்” என்று சொல்லும் வாய்க்கு எல்லாவற்றினும் மேலான வேலை உண்டு. இவை மூன்றும் ஆணுக்கென்றோ பெண்ணுக்கென்றோ தனியே படைக்கப்பட்டவை அல்ல. வரும் சூன் மாதம் நாங்கள் பல பிரிவுகளாய்ப் பிரிந்து செல்வோம். எங்களுள் ஒருத்தி உலையை நோக்கிப் போகிறாள். நாளை நாம் ஏறும் பேருந்தின் சக்கரத்துக்குள் அவள் பார்த்துத் தேர்ந்த இரும்பு இருக்கட்டும் என்று வாழ்த்துவோம். நம்மை நம்பி ஒப்படைக்கப்படும் எந்த வேலையிலும், வெளியே தெரியாத கீறலையும் தேடிப் பார்க்கும் மனத்தை நாமும் பெறுவோம்.